மோனோ, டை, டபுள், டாப்ளர்: ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்த இரட்டை?

(கடிதம் எழுதியவரின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.)

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 29 வயதுத் தமிழாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியில் வேலை. முதல் கர்ப்பம், சிகிச்சை ஏதும் இல்லாமல் இயல்பாகத் தரித்தது. எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில் இரட்டைக் குழந்தைகள் என்று தெரிந்திருக்கிறது. 12 வாரம் 5 நாளில் எடுத்த அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் "மோனோகோரியானிக் டைஅம்னியாட்டிக், டி அடையாளம் தெரிகிறது" என்று ஒரு வரி. அந்த வரிதான் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்திருக்கிறது. "மோனோ என்றால் ஒன்று என்று எனக்குத் தெரியும். எட்டாவது வாரத்தில் இரண்டு என்றார்கள், இப்போது ஒன்று என்கிறார்களே, ஒரு குழந்தை நின்றுவிட்டதா? டை என்ற சொல்லைப் பார்த்ததும் என் கணவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டார். பிறகு அதை எடுக்கவே இல்லை" என்கிறார்.

கூடவே டபுள் மார்க்கர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இருபதாவது வாரம் வரும்போது 'டபுளர் ஸ்கேன்' பார்க்கலாம் என்றாராம் உள்ளூர் டாக்டர். இரட்டைக் குழந்தை என்பதால்தான் எல்லாமே டபுளாக எழுதுகிறார்களா என்று கேட்கிறார். மாமியார் தரப்பில், ஒட்டிய வாழைப்பழம் சாப்பிட்டதால் வந்த வினை இது, எங்கள் வம்சத்தில் இரட்டையே கிடையாது என்று பேச்சு. அம்மா தரப்பில், இனி மூன்று பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டும், பிரசவம் வரை முழு ஓய்வில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் "ஒரே நஞ்சுக்கொடியா? ஒட்டிப் பிறக்கப் போகுது" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சுகப் பிரசவம் ஆகுமா, பஸ்ஸில் போய் வரலாமா, விடுப்பு எவ்வளவு கிடைக்கும், இரண்டில் யார் மூத்தவர் என்று வரிசையாகக் கேள்விகள்.

அன்புள்ள டீச்சர்,

முதலில் பயத்துக்குப் பதில். எந்தக் குழந்தையின் துடிப்பும் நின்றுவிடவில்லை. அந்த வரிக்கு மேலேயே "கரு ஏ, கரு பி" என்று இரண்டு பத்திகள் இருக்கின்றன பாருங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக நீளம், தனித்தனியாக இதயத் துடிப்பு. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு துடிப்புமே நன்றாகத்தான் இருக்கின்றன. கழுத்துப் பின்புற நீர் அளவும் இரண்டுக்கும் சரியாக இருக்கிறது. 'டை' என்பது கிரேக்க மொழியில் இரண்டு. சாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லி, ரிப்போர்ட்டைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். இனி அது அடிக்கடி வேண்டியிருக்கும்.

அந்த வரி குழந்தைகளின் எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை. அவர்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறது. கோரியான் என்பது கருவைச் சுற்றியுள்ள வெளிச் சவ்வு, நஞ்சுக்கொடி (சுருக்கமாக நஞ்சு என்போம்) அதிலிருந்து உருவாகிறது. அம்னியான் உள்சவ்வு, நாம் பனிக்குடம் என்கிறோமே, அது. ஆக மோனோகோரியானிக் டைஅம்னியாட்டிக் என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. ஆஸ்பத்திரியில் சுருக்கமாக எம்.சி.டி.ஏ. என்போம். இரண்டுக்கும் தனித்தனி நஞ்சும் தனித்தனிப் பனிக்குடமும் இருந்தால் டி.சி.டி.ஏ.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒட்டிப் பிறக்கும் குழந்தைகள் ஒரே பனிக்குடத்துக்குள் இருப்பவை. உங்கள் குழந்தைகளுக்கு நடுவே சவ்வு இருக்கிறது. 'டி அடையாளம்' என்று எழுதியது அதைத்தான். அந்தச் சவ்வு நஞ்சுக்கொடியில் போய்ச் சேரும் இடம் ஆங்கில எழுத்து 'டி' மாதிரி நேராக நின்றால் நஞ்சு ஒன்று. சேரும் இடத்தில் ஆப்பு வைத்ததுபோல் முக்கோணமாகத் தடித்திருந்தால் நஞ்சு இரண்டு, அதை லாம்டா அடையாளம் என்போம். 11 முதல் 14 வாரத்துக்குள் இது தெளிவாகத் தெரியும். நாள் ஆக ஆக மங்கிவிடும். உங்களுக்குச் சரியான நேரத்தில் பார்த்து, சரியாக எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். இரட்டை என்று மட்டும் எழுதிவிட்டு நஞ்சு எத்தனை என்று குறிப்பிடாத ரிப்போர்ட்டுகளை நான் இன்றும் பார்க்கிறேன். அந்த வகையில் உங்கள் ஸ்கேன் டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா?

தமிழில் 'இரு' என்ற அடியிலிருந்து இரட்டு, இரட்டி, இரட்டை என்று சொற்கள் கிளைத்தன. சேர்ந்து வரும் எந்த இரண்டையும் இரட்டை என்றுவிடுவோம்: இரட்டை மாட்டு வண்டி, இரட்டைச் சடை, இரட்டை நாடி உடம்பு. அந்தத் தாராளம்தான் பிரசவ அறையில் சிக்கலாகிறது. கருவில் இரட்டை என்பது இரண்டு விதம். ஒரே மாதத்தில் இரண்டு சினைமுட்டைகள் வெளிவந்து, இரண்டும் தனித்தனியாகக் கருவுறுவது ஒன்று. ஒரே நாளில் பிறந்த சாதாரண அண்ணன் தங்கைக்கு இருக்கும் ஒற்றுமைதான் அந்தக் குழந்தைகளுக்கு இருக்கும். ஒரே சினைமுட்டை கருவுற்று, பிறகு இரண்டாகப் பிரிவது மற்றொன்று. மருத்துவத்தில் முதலாவதை டைசைகோட்டிக் என்றும் இரண்டாவதை மோனோசைகோட்டிக் என்றும் சொல்கிறோம். சைகோட் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நுகத்தடியில் பூட்டியது என்று பொருள். விந்தணுவும் சினைமுட்டையும் ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகள்.

பிரிந்த நாளைப் பொறுத்து வீடு மாறுகிறது. கருவுற்ற முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஒரே முட்டையிலிருந்து வந்த குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சு அமையும். நான்கிலிருந்து எட்டு நாளுக்குள் என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிறகு என்றால் நஞ்சு, பனிக்குடம் இரண்டுமே ஒன்று. இரண்டு வாரத்தை நெருங்கிப் பிரிய ஆரம்பித்தால் முழுதாகப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். உருவம் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உங்களைப்போல நடு வகையில்தான் வருகிறார்கள்.

இதனால் எங்களுக்கு முக்கியம் குழந்தைகள் ஒரே முகமா வேறு முகமா என்பதல்ல, நஞ்சு ஒன்றா இரண்டா என்பதுதான். நீங்கள் வகுப்பில் நடத்தும் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர், ஒன்றைத் தனியே எடுத்தாலும் அது பாம்புதான். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி, ஒன்றைப் பிரித்தால் மற்றதும் கெடும். தனி நஞ்சு உள்ள இரட்டையர் அடுக்குத்தொடர் மாதிரி. ஒரே நஞ்சைப் பங்கிடும் உங்கள் குழந்தைகள் பிறக்கும்வரை இரட்டைக்கிளவி. ஒருவருக்கு வரும் நெருக்கடி மற்றவரையும் தொடும். (பிறந்த பிறகு இந்த உவமையை மறந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே ஆளாக நடத்துவது பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, அது வேறு நாள்.)

உங்கள் டாக்டர் சொன்ன இருபதாவது வாரம் தாமதம்

கடிதத்தில் நீங்கள் பெரிதாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் இந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மாதம் ஒருமுறை வந்தால் போதும், அடுத்த ஸ்கேன் இருபதாவது வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒற்றைக் குழந்தைக்கு அது சரி. தனித்தனி நஞ்சு உள்ள இரட்டையருக்குக்கூட நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று சமாளிக்கலாம். ஒரே நஞ்சு உள்ளவர்களுக்குப் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை.

காரணம் சொல்கிறேன். ஒரே நஞ்சுக்கொடிக்குள் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் இணைந்திருக்கும். பெரும்பாலும் போவதும் வருவதும் சமமாக இருக்கும், ஒன்றும் ஆகாது. நூறில் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு மட்டும் கணக்கு தப்பிப்போகிறது. ஒரு குழந்தையிடமிருந்து ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கும் குழந்தை சிறுநீர் குறைந்து, பனிக்குட நீர் வற்றி, சவ்வு உடம்போடு ஒட்டிப்போய் ஓர் ஓரமாகக் கிடக்கும். வாங்கும் குழந்தையைச் சுற்றி நீர் அளவுக்கு மீறிச் சேரும், அதன் இதயமும் திணறும். 16 முதல் 26 வாரத்துக்குள்தான் இது அதிகம் வரும். கவனிக்காமல் விட்டால் இரண்டு குழந்தைகளையுமே இழக்க நேரிடலாம். நேரத்தில் கண்டுபிடித்தால், கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, அந்த இணைப்புக் குழாய்களை லேசரால் அடைக்க முடியும். சென்னையில் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு குழந்தையாவது பிழைக்கிறது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டுமே.

நூறில் எண்பத்தைந்து பேருக்கு இது வராது என்பதையும் சேர்த்தே படியுங்கள். ஆனால் வருமா வராதா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. பார்த்தால்தான் தெரியும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது பதினான்கு வாரம் தாண்டியிருக்கும். ஆகவே இன்றே நாள்காட்டியில் பதினாறாவது வாரம் எந்தத் தேதி என்று பார்த்துக் குறித்துவிடுங்கள்.

உங்கள் உள்ளூர் டாக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. உங்களை அறிந்தவர், நடுராத்திரி வலி வந்தால் முதலில் ஓடப்போவது அவரிடம்தான். அவரிடமே "என்னுடையது எம்.சி.டி.ஏ. என்று எழுதியிருக்கிறது, கரு மருத்துவ நிபுணர் ஒருவரிடமும் காட்டட்டுமா, கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட்டுகளின் நகல் கேட்பதும் உரிமைதான். உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி பக்கம், சென்னையும் எட்டாத தூரமில்லை. மாதம் இரண்டு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஸ்கேன் செலவு என்பது சின்னச் சுமை அல்ல என்று தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிந்துகொண்டால் அது வெகுவாகக் குறையும். சிலர் ஸ்கேனை அங்கே, மாதாந்திரப் பரிசோதனையை இங்கே என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான், இரண்டு இடத்துக்கும் ஒரே ஃபைல் போக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு ஸ்கேனுக்கு நடுவே வயிறு திடீரென்று சில நாளில் பெருத்து, தோல் இறுகி, மூச்சு வாங்கினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

டபுள் மார்க்கரும் 'டபுளரும்'

இந்த இரண்டுக்கும் உங்கள் குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை. டபுள் மார்க்கர் என்பது அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளப்பது. வயிற்றில் ஒரு குழந்தை இருந்தாலும் அதே டெஸ்ட்தான், அதே பெயர்தான். டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட உதவுகிறது. வாய்ப்புக் கணக்கு மட்டும்தான், முடிவான பதில் அல்ல. ஆனால் இரட்டையர் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: அந்தப் பொருள்களின் அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். லேப் படிவத்தில் இரட்டை என்று குறிக்காமல் அனுப்பினால் கணக்கு தப்பாக வரும். உங்கள் ரிப்போர்ட்டில் கருக்களின் எண்ணிக்கை '2' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லேபைக் கூப்பிட்டுத் திருத்திக் கணக்கிடச் சொல்லுங்கள், ரத்தம் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

'டபுளர்' என்று நீங்கள் எழுதியது டாப்ளர் ஸ்கேன். எங்கள் ஓ.பி.யில் பாதிப் பேர் டபுள் ஸ்கேன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் பெயர் அது. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தெரியும் என்றவர். அந்த விதியை வைத்துத்தான் தொப்புள்கொடியில் ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால், 1842இல் அவர் அதைச் சொன்ன கட்டுரையே இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது. ஆக உங்கள் காதில் விழுந்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது! உங்களுக்கு இது இருபதாவது வாரத்துக்கு மட்டும் உரியதல்ல. பதினாறிலிருந்து ஒவ்வொரு ஸ்கேனிலும் நீர் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

வாழைப்பழம், வம்சம், மூத்தவர்

ஒட்டிய வாழைப்பழம் பூவிலேயே ஒட்டிக் காய்த்தது. வயிற்றுக்குள் போனதும் அது வெறும் மாவும் சர்க்கரையும்தான். சீப்பில் இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

வம்சக் கதையில் அரைவாசி உண்மை இருப்பதால் அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு முட்டை வெளிவரும் இரட்டை குடும்பவழி வரக்கூடியதுதான். ஆனால் முட்டையை வெளியிடுவது பெண் என்பதால் அம்மா குடும்பத்துக்குத்தான் அதில் கணக்கு. உங்கள் கணவர் வீட்டில் இரட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் கர்ப்பத்தை அது மாற்றாது. வயது முப்பத்தைந்தைத் தாண்டுவது, முன்பே பல பிள்ளை பெற்றிருப்பது, கருத்தரிப்பு சிகிச்சை எல்லாம் அந்த வகைக்குத்தான் காரணம். நைஜீரியாவில் யொரூபா மக்களிடையே இரட்டையர் மிக அதிகம் என்பதும் அந்த வகையால்தான். உங்களுடையது ஒரு முட்டை பிரிந்த வகை. நஞ்சு ஒன்று என்பதே அதற்குச் சாட்சி. அது உலகம் முழுக்க ஆயிரம் பிரசவத்துக்கு மூன்று நான்கு என்று ஏறக்குறைய ஒரே அளவில், யாரையும் பார்த்துக் கேட்காமல் நடக்கிறது. உங்கள் மேலும் குற்றமில்லை, உங்கள் கணவர் மேலும் இல்லை. இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது.

இன்னொன்று. ஒரு முட்டை இரட்டை என்பதால் இரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோதான் இருக்கும். எது என்று ஸ்கேன் அறையில் கேட்காதீர்கள், வீட்டில் யாரையும் கேட்க விடாதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

யார் மூத்தவர் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் வெளியே வந்தவர்தான், பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான் எழுதப்படும். பின்னால் வருவதுதான் முதலில் தரித்தது, அதுவே மூத்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் சொன்ன யொரூபா மக்களும் இரண்டாவது குழந்தையைத்தான் மூத்தது என்கிறார்கள், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முதலில் அனுப்பியதாம்! உங்கள் குழந்தைகள் ஒரே முட்டை, ஒரே நாள். முதலில் தரித்தது எது என்ற கேள்வியே இங்கே எழாது. ரிப்போர்ட்டில் ஏ, பி என்று போடுவதும் வயதை வைத்து அல்ல, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை ஏ என்கிறோம்.

சாப்பாடு, நடமாட்டம், பிரசவம்

மூன்று பேருக்குச் சாப்பிட வேண்டாம். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒரு குழந்தைக்குச் சுமார் 300 கலோரி என்று வைத்தால் நாளைக்கு 600. இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவில் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். சோற்றைக் குவிப்பதில் பலனில்லை, உங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பும் சற்று அதிகம். இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தசோகை சீக்கிரம் வரும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடும் டீயோடும் போடாதீர்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போடலாம். ரத்த அழுத்தம் ஏறும் அபாயமும் ஒற்றைக் கர்ப்பத்தைவிட அதிகம். அதற்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். முதல் கர்ப்பம், அதுவும் இரட்டை என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான், நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது, மேல் வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே போய் பி.பி. பாருங்கள்.

அம்மா சொல்லும் முழு ஓய்வு தேவையில்லை. மாதக்கணக்கில் படுத்திருப்பதால் குறைப்பிரசவம் தடைபடுவதாக நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். ஒரு மணி நேரப் பஸ் பயணம் இப்போதைக்குப் பரவாயில்லை, உட்கார இடம் கிடைக்க வேண்டும். ஏழாவது மாதத்துக்கு மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டேதான் பாடம் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சுகப் பிரசவம் முடியுமா? முடியலாம். முதல் குழந்தை தலை கீழாக இருந்து, இரண்டின் வளர்ச்சியும் சீராக இருந்தால் முயற்சி செய்யலாம். 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 25 நாடுகளில் சுமார் 2,800 இரட்டைக் கர்ப்பிணிகளை இரு பிரிவாகப் பார்த்தார்கள். முதல் குழந்தை தலை கீழாக இருந்தவர்களில், திட்டமிட்டு ஆபரேஷன் செய்ததால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது குழந்தை கடைசி நேரத்தில் திரும்பிப் படுத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு இழுப்பதுண்டு, மனத்தை இரண்டுக்கும் தயாராக வைத்திருங்கள். ஒரே நஞ்சு உள்ளவர்களுக்கு, எல்லாம் நன்றாக இருந்தாலும் 36 வாரத்தை ஒட்டிப் பிரசவத்தைத் திட்டமிடுவோம். அதற்கு மேல் காத்திருப்பதில் ஆபத்து கூடுகிறது. நாள் பார்த்து 38, 39 வாரம் வரை தள்ளச் சொல்லி வீட்டில் கேட்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். எனவே குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையை 28ஆம் வாரத்துக்குள் முடிவு செய்து, அங்கே ஒருமுறையாவது போய்ப் பதிவு போட்டுவிடுங்கள். இரண்டு தொட்டில் ஒரே நேரத்தில் காலியாக இருக்குமா என்று அப்போதே கேளுங்கள். வலி வந்த பிறகு கேட்டால் ஒரு குழந்தை இங்கே, ஒரு குழந்தை வேறு ஆஸ்பத்திரியில் என்று ஆகிவிடுகிறது.

விடுப்பு பற்றி வக்கீல் சொல்ல வேண்டியதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பேறுக்கு முந்தைய ஒரு வருடத்தில் 80 நாளாவது வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இரட்டை என்பதால் இந்த 26 வாரம் இரண்டு மடங்காகாது. அடுத்து ஒரு பிரசவம் என்றால், இரண்டு குழந்தைகள் இருப்பதால் 12 வாரம்தான். உங்கள் கணக்கில் 40 வாரத்தை வைத்துப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். 36 என்று மாற்றி, டாக்டர் சான்றிதழோடு இந்தப் பருவம் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புக்கு மாற்று ஆசிரியர் தேட அவர்களுக்கும் நேரம் வேண்டும்.